லாக் மெயில் நின்றுபோனால்: லினக்ஸில் அனுமதிச் சிக்கலைப் படிப்படியாகத் தீர்ப்பது

சர்வரில் லாக்செக் நிறுவியிருக்கிறீர்கள். மணிக்கு ஒரு தடவை அது லாக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் மெயில் அனுப்பும். திடீரென்று ஒரு நாள் வேறு மாதிரி மெயில் வருகிறது. இந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால் லாக் கோப்புகள் சோதிக்கப்படாமல் போயிருக்கலாம் என்கிறது. அதற்குக் கீழே, லாக்டெயிலை (லாக்கில் புதிதாக வந்த வரிகளை எடுத்துத் தரும் நிரல்) ஓட்ட முடியவில்லை அல்லது அது தந்ததைச் சேமிக்க முடியவில்லை என்று ஒரு வரி.

இந்த மெயில் வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பல பேருக்கு இதுகூட வராது, ஏனென்றால் மெயிலை வரிசையில் போடும் இடத்திலேயே அனுமதி கெட்டுப்போயிருக்கும். மெயில் இல்லையென்றால் சர்வர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போய்விடுவார்கள். காவல்காரர் தூங்குவதும் திருடனே வராததும் வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒரே அமைதியாகத்தான் தெரியும். அதனால் மெயில் வரும்போது மட்டுமல்ல, வராதபோதும் இந்தப் படிகளை ஒரு தடவை செய்து பாருங்கள்.

டெபியன், உபுண்டு இரண்டையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். ரெட் ஹாட் வகையில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், இடைவெளியும் கோடும் பிசகாமல் அடியுங்கள். கோட்டுக்கு அடுத்து வரும் ஆர் எங்கேயும் பெரிய எழுத்து. -டி என்பது லாக்ரொடேட்டில் d, மற்ற இடங்களில் t.

முதலில், செய்யக் கூடாத ஒன்று

அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்ததும் கை தானாகப் போகிற கட்டளை இது. உள்ளே இருக்கும் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் முழு அனுமதி தந்துவிடும்:

சூடோ சிஎச்மோட் -ஆர் 777 /வார்/லாக்

தயவுசெய்து வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டெபியன் சர்வர் ஒன்றில் இப்படித்தான் செய்தார்கள். லாக்செக் அந்த நிமிடமே வேலை செய்தது, எல்லாரும் அதை மறந்துவிட்டோம். ஆனால் பழைய லாக்குகளைச் சுருட்டி ஒதுக்கும் லாக்ரொடேட், தாய் டைரக்டரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தால் பாதுகாப்பில்லை என்று சொல்லிச் சுழற்ற மறுத்துவிடும். அங்கேயும் அதுதான் நடந்தது. முக்கிய லாக் கோப்பான சிஸ்லாக் சுழலாமல் வளர்ந்துகொண்டே போனது. சில வாரம் கழித்து /வார் பகுதி நிரம்பியது, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றது. அன்று இரவு உட்கார்ந்து தேடிய யாருக்கும் அந்த 777 நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. லாக் கோப்புகளைச் சும்மா பூட்டி வைக்கவில்லை. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் சர்வரில் நுழையும்போது அவசரத்தில் பயனர்பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லை அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ‘இல்லாத பயனர்’ என்ற குறிப்போடு அப்படியே ஆத்.லாக் கோப்பில் பதிவாகிவிடும். அந்தக் கோப்பை எல்லாரும் படிக்கலாம் என்றாக்கினால் அந்தக் கடவுச்சொல்லும் எல்லாருடையது ஆகிவிடும்.

ஏற்கெனவே 777 போட்டுவிட்டிருந்தால், அதே பதிப்பு ஓடும் இன்னொரு இயந்திரத்தில் எல்எஸ் -எல் பார்த்து, ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத் திரும்பப் போட்டால் அது இன்னொரு கோளாறில் முடியும்.

யார் கேட்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

அனுமதிச் சிக்கலில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் பயனர், எந்தக் கோப்பை, என்ன செய்யப் பார்த்தார்? நீங்கள் சூடோ போட்டு ஓட்டினால் எல்லாம் ஓடும், ஏனென்றால் அப்போது கேட்பவர் எல்லா உரிமையும் உள்ள ரூட். உண்மையில் கேட்பவர் வேறு ஆள்.

லாக்செக் நிரலை ஓட்டுவது லாக்செக் என்ற பெயரிலேயே இருக்கும் ஒரு தனிப் பயனர். /ஈடிசி/கிரான்.டி/லாக்செக் கோப்பைத் திறந்தால், நேரத்தைக் குறிக்கும் ஐந்து இடங்களுக்கு அப்புறம் ஆறாவதாக அந்தப் பெயர் இருக்கும். ஒவ்வொரு மணியிலும் 2ஆவது நிமிடம் ஓடும்படி எழுதியிருப்பதும் அங்கேயே தெரியும். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட், பின்னணி நிரல்களை நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸாக ஓடுகிறதென்றால், யூனிட் கோப்பில் ‘யூசர்=’ என்ற வரியைப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் ரூட்டாக ஓடுகிறது.

பெயர் தெரிந்ததும், அந்த ஆளாகவே மாறிக் கேட்டுப் பாருங்கள்:

சூடோ -யூ லாக்செக் ஹெட் -1 /வார்/லாக்/சிஸ்லாக்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இந்த வரியை வையுங்கள். லாக்செக் பயனருக்கு லாகின் ஷெல் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். ஒரு வரி லாக் வந்தால் படிக்கும் உரிமையில் குறையில்லை, நேராக அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் சிக்கல் இங்கேதான்.

அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வந்தால் அது வேறு கதை. 2023இல் வந்த டெபியன் 12 முதல், லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. லாக் எல்லாம் சிஸ்டம்டி ஜர்னலில்தான் இருக்கும். அங்கே சிஎச்மோட் தேவையே இல்லை. படிக்க வேண்டிய பயனரைச் சிஸ்டம்டி-ஜர்னல் குழுவிலோ ஏடிஎம் (a, d, m) குழுவிலோ சேர்த்தால் போதும்.

எல்எஸ் காட்டும் வரியைப் படிப்பது

எல்எஸ் -எல் /வார்/லாக்/சிஸ்லாக்

வரியின் தொடக்கத்தில் பத்து எழுத்து இருக்கும். முதல் எழுத்து அது கோப்பா டைரக்டரியா என்று சொல்கிறது. அதற்கு அடுத்த மூன்று உரிமையாளருக்கு, நடு மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லாருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டினால் எண் கிடைக்கும். சிஸ்லாக் கோப்பு வழக்கமாக 640: உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்க மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. உரிமையாளர் டெபியனில் ரூட், உபுண்டுவில் சிஸ்லாக் என்ற பயனர். குழு இரண்டிலுமே ஏடிஎம். லாக் படிக்கிறவர்களுக்கென்றே வைத்திருக்கும் குழு அது.

கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் படிக்க முடியவில்லை என்றால், வழியைப் பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. டைரக்டரிக்கு ‘இயக்கும்’ உரிமை என்பது அதைக் கடந்து உள்ளே போகும் உரிமை. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாலும், வாசல் கதவு பூட்டியிருந்தால் அலமாரி வரை எப்படிப் போவது? டெபியனில் /வார்/லாக்/அப்பாச்சி2 டைரக்டரி 750, குழு ஏடிஎம். உள்ளே இருக்கும் கோப்புக்கு நீங்கள் 644 போட்டாலும் ஏடிஎம் குழுவில் இல்லாத பயனரால் அதைத் தொட முடியாது. வழியில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்ட ஒரு நல்ல கட்டளை இருக்கிறது:

நேம்ஐ -எல் /வார்/லாக்/அப்பாச்சி2/எரர்.லாக்

மேலிருந்து கீழாக ஒவ்வொரு டைரக்டரியையும் அதன் அனுமதியோடு அடுக்கிக் காட்டும். எந்த வரியில் உங்கள் பயனருக்குக் கடக்கும் உரிமை இல்லையோ, அதுதான் இடம்.

குழுவில் சேர்ப்பது

லாக்செக் பயனர் நிறுவும்போதே ஏடிஎம் குழுவில் சேர்க்கப்பட்டிருப்பார். ஐடி லாக்செக் என்று அடித்துச் சரிபாருங்கள். அவர் பெயர் அதில் இல்லையென்றாலோ, நீங்களே உருவாக்கிய கண்காணிப்புப் பயனர் என்றாலோ:

சூடோ யூசர்மோட் -ஏஜி ஏடிஎம் பயனர்பெயர்

இதில் ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏ கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால் இந்தக் குழுவைச் சேர் என்று பொருள்படாது. இந்தக் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கூடுதல் குழுக்களை நீக்கிவிடு என்று பொருள்படும். உங்கள் சொந்தக் கணக்கில் இப்படிச் செய்தால் சூடோ குழுவும் போய்விடும். வேறு ரூட் வழி இல்லாத சர்வரில் அது பெரிய தலைவலி.

சேர்த்ததும் உடனே பலிக்கவில்லை என்று பதறாதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்குப் புதுக் குழு தெரியாது. வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். சர்வீஸாக இருந்தால் அதை மறுதொடக்கம் செய்யுங்கள். சூடோ -யூ போட்டுச் சோதித்தால் புதுக் குழுவோடுதான் ஓடும். அதனால் சோதனை வெற்றியடைந்தும் சர்வீஸ் மட்டும் தோற்றால், மறுதொடக்கம் பாக்கி என்று புரிந்துகொள்ளலாம்.

ரெட் ஹாட், ஃபெடோரா பக்கம் /வார்/லாக்/மெசேஜஸ் கோப்பு 600, உரிமையாளரும் குழுவும் ரூட்தான். ஏடிஎம் குழுவில் சேர்த்துப் பயனில்லை. அங்கே ஒரே ஒரு பயனருக்கு மட்டும் தனி அனுமதி தருவது நல்லது:

சூடோ செட்எஃப்ஏசிஎல் -எம் யூ:பயனர்பெயர்:ஆர் /வார்/லாக்/மெசேஜஸ்

இதற்கு அப்புறம் எல்எஸ் -எல் காட்டும் பத்து எழுத்துக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி நிற்கும். கெட்எஃப்ஏசிஎல் போட்டால் முழு விவரம் வரும்.

இன்று ஓடுகிறது, நாளைக் காலை நிற்கிறது

சரி செய்துவிட்டோம் என்று படுத்துவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் பழைய பிழையே மறுபடி நிற்கும். இப்படி நடந்தால் முதலில் லாக்ரொடேட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது பழைய கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, அதே பெயரில் புதுக் கோப்பு உருவாக்கும். நீங்கள் நேற்று அனுமதி கொடுத்தது பழைய கோப்புக்கு. புதுக் கோப்பு எப்படிப் பிறக்க வேண்டும் என்பது /ஈடிசி/லாக்ரொடேட்.டி டைரக்டரியில் அந்தந்த நிரலுக்கான கோப்பில், ‘கிரியேட்’ என்ற வரியில் இருக்கும். அங்கே இப்படி வையுங்கள்:

கிரியேட் 640 ரூட் ஏடிஎம்

எழுதும் நிரல் ரூட்டாக ஓடவில்லையென்றால், ரூட் இருக்கும் இடத்தில் அந்த நிரலின் பயனர் வர வேண்டும். இல்லையென்றால் படிப்பவருக்கு வழிவிட்டு எழுதுபவரை வெளியே தள்ளியதாகிவிடும். சிஸ்லாக் போன்ற கோப்புகளுக்கு அங்கேயும், பொதுவான /ஈடிசி/லாக்ரொடேட்.கான்ஃப் கோப்பிலும் கிரியேட் வரி இல்லாவிட்டால், ஆர்சிஸ்லாக்தான் புதுக் கோப்பைத் திறக்கிறது. அப்போது /ஈடிசி/ஆர்சிஸ்லாக்.கான்ஃப் கோப்பில் ஃபைல்ஓனர், ஃபைல்குரூப், ஃபைல்கிரியேட்மோட் என்ற வரிகள் தீர்மானிக்கும். கடைசி வரியில் 0640 இருக்க வேண்டும்.

தனி அனுமதி கொடுத்தவர்களும் இதைக் கவனியுங்கள். கிரியேட் 600 என்று இருந்தால், குழுவுக்கான இடம் சுழியாகி, நீங்கள் கொடுத்த தனி அனுமதி பட்டியலில் இருந்தும் செல்லாமல் போகும். கெட்எஃப்ஏசிஎல் காட்டும் பட்டியலில் அந்தப் பயனரின் வரிக்கு வலப்பக்கம் ‘எஃபெக்டிவ்’ என்று போட்டு வெறும் கோடுகள் நிற்பதைப் பார்த்தால் இதுதான் காரணம்.

நாளை வரை காத்திருக்க வேண்டாம். லாக்ரொடேட் -டி போட்டால் என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், செய்யாது. அது சரியாக இருந்தால் -எஃப் போட்டு வலுக்கட்டாயமாக ஒரு தடவை சுழற்றி, புதுக் கோப்பின் அனுமதியை எல்எஸ் -எல் கொண்டு பாருங்கள்.

படிக்கிறது, ஆனால் எதுவரை படித்தது என்று எழுத முடியவில்லை

லாக்செக் ஒவ்வொரு தடவையும் கோப்பை முதலிலிருந்து படிப்பதில்லை. சென்ற தடவை எந்த இடம் வரை படித்தது என்று /வார்/லிப்/லாக்செக் டைரக்டரியில் ஒவ்வொரு லாக்குக்கும் ஓர் ‘ஆஃப்செட்’ கோப்பில் குறித்து வைக்கிறது. புத்தகத்தில் செருகிய அடையாளச் சீட்டு மாதிரி. யாராவது சோதனை செய்யும் ஆர்வத்தில் சூடோ போட்டு லாக்டெயிலை அந்தக் கோப்போடு கையால் ஓட்டினாலோ, பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்தாலோ, சீட்டின் உரிமையாளர் ரூட் ஆகிவிடலாம். அடுத்த மணியில் லாக்செக் பயனரால் அதில் எழுத முடியாது. தொடக்கத்தில் சொன்ன மெயிலில் ‘சேமிக்க முடியவில்லை’ என்ற பாதி இதைத்தான் சொல்கிறது. மருந்து ஒரே வரி:

சூடோ சிஎச்ஓன் -ஆர் லாக்செக்:லாக்செக் /வார்/லிப்/லாக்செக்

அப்புறம் தற்காலிகக் கோப்பு வைக்கும் /டிஎம்பி டைரக்டரி 1777 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னால் இருக்கும் அந்த 1, ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்க முடியாமல் காக்கிறது. எல்லாருக்கும் எழுதும் உரிமை சரியாக இருக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

இப்போது மெயில் அனுப்பாமல், சீட்டையும் நகர்த்தாமல் ஓர் ஒத்திகை:

சூடோ -யூ லாக்செக் லாக்செக் -ஓ -டி

முதல் லாக்செக் பயனர், இரண்டாவது நிரல். அறிக்கை திரையிலேயே வரும். வந்துவிட்டால் படிக்கும் பக்கம் முடிந்தது.

மெயில் பக்கம்

லாக்செக் பயனராகவே ரூட்டுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பாருங்கள்:

எக்கோ சோதனை | சூடோ -யூ லாக்செக் மெயில் -எஸ் சோதனை ரூட்

மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் நிரல் இருக்கும் சர்வரில் இங்கே வரும் புகழ்பெற்ற பிழை, போஸ்ட்டிராப் என்ற நிரல் மெயில்டிராப் டைரக்டரியில் கோப்பு உருவாக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது என்பது. இதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

/வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/மெயில்டிராப் டைரக்டரியின் உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ், குழு போஸ்ட்டிராப், அனுமதி 730. குழுவுக்குக் கிடைக்கும் 3 என்பது எழுதலும் கடத்தலும் மட்டும், படிக்கும் 4 கிடையாது. தெருமுனைத் தபால் பெட்டி இப்படித்தான்: கடிதத்தை உள்ளே போடலாம், உள்ளே யார் யார் கடிதம் கிடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. லாக்செக் பயனர் போஸ்ட்டிராப் குழுவிலும் இல்லை. அப்படியானால் அவர் கடிதம் எப்படி உள்ளே போகிறது? /யூஎஸ்ஆர்/எஸ்பின்/போஸ்ட்டிராப் நிரலின் அனுமதி 2555. அந்த 2, இதை யார் ஓட்டினாலும் ஓடும் நேரத்துக்கு மட்டும் போஸ்ட்டிராப் குழுவின் உரிமையோடு ஓடட்டும் என்கிறது. எல்எஸ் -எல் பார்த்தால் குழுவின் மூன்றாம் இடத்தில் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் நிற்கும். அந்த எஸ் காணாமல் போனால் சர்வரிலிருந்து எந்தச் சாதாரணப் பயனரின் மெயிலும் கிளம்பாது.

அது எப்படிக் காணாமல் போகும்? யாராவது சிஎச்ஓன் ஓட்டியிருப்பார்கள். இயக்கக்கூடிய கோப்பின் உரிமையாளரையோ குழுவையோ மாற்றினால் லினக்ஸ் அந்த எஸ்ஸைத் துடைத்துவிடுகிறது, மாற்றுவது ரூட்டாக இருந்தாலும். அதனால் சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் குழு, அதற்குப் பிறகுதான் அனுமதி:

சூடோ சிஎச்ஜிஆர்பி போஸ்ட்டிராப் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/போஸ்ட்டிராப்
சூடோ சிஎச்மோட் 2555 /யூஎஸ்ஆர்/எஸ்பின்/போஸ்ட்டிராப்

மெயில் வரிசையைக் காட்டும் போஸ்ட்கியூ நிரலுக்கும் இதே இரண்டையும் செய்யுங்கள். பிறகு சூடோ போஸ்ட்ஃபிக்ஸ் செக் என்று ஓட்டினால் வேறெங்கே பிசகு இருக்கிறது என்று சொல்லும். சேதம் பரவலாக இருந்தால் சூடோ போஸ்ட்ஃபிக்ஸ் செட்-பர்மிஷன்ஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஒழுங்குபடுத்தும்.

எல்லாம் சரியாக இருந்தும் உங்கள் சிஸ்டம்டி சர்வீஸிலிருந்து மட்டும் மெயில் போகவில்லையா? யூனிட் கோப்பில் ‘நோநியூபிரிவிலேஜஸ்=யெஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இருந்தால் மேலே சொன்ன எஸ் அனுமதி அந்தச் சர்வீஸுக்குச் செல்லாது. பிழைச் செய்தி அச்சு அசலாக அதே மாதிரி இருப்பதால் போஸ்ட்டிராப் கோப்பையே திரும்பத் திரும்பப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

முழு மெயில் சர்வர் வேண்டாம், ஜிமெயில் வழியாக அனுப்பினால் போதும் என்று எம்எஸ்எம்டிபி வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. அதன் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் இருப்பதால், வீட்டு டைரக்டரியில் இருக்கும் கோப்பை உங்களைத் தவிர வேறு யாராவது படிக்க முடிந்தால் அது ஓட மறுக்கும். சிஎச்மோட் 600 போட்டால் தீர்ந்தது.

மெயில் கிளம்பியும் உங்கள் பெட்டிக்கு வரவில்லையென்றால் அது அனுமதி விஷயமே இல்லாமல் இருக்கலாம். லாக்செக் மெயில், சர்வரிலேயே இருக்கும் லாக்செக் என்ற முகவரிக்குப் போய், அங்கிருந்து ரூட்டுக்குப் போகும். ரூட்டின் மெயில் எங்கே போக வேண்டும் என்று /ஈடிசி/ஏலியாசஸ் கோப்பில் உங்கள் முகவரியை எழுதி, சூடோ நியூஏலியாசஸ் ஓட்டுங்கள். மெயில்கியூ கட்டளை (கியூ ஒரே எழுத்து, q), வரிசையில் தேங்கி நிற்பவற்றைக் காட்டும்.

இன்னும் மறுக்கிறது என்றால்

அனுமதி எண்கள் எல்லாம் சரி, சூடோ -யூ சோதனையும் சரி, நிரல் மட்டும் மறுக்கப்படுகிறது என்றால் மேலே இன்னொரு காவல் இருக்கிறது என்று அர்த்தம். ரெட் ஹாட் வகையில் அது எஸ்இலினக்ஸ். சூடோ ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட் என்று அடித்தால் அண்மையில் மறுக்கப்பட்டவை வரும். லாக் கோப்பை வேறு இடத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவந்ததால் அதன் முத்திரை மாறியிருந்தால், சூடோ ரீஸ்டோர்கான் -ஆர்வி /வார்/லாக் போதும். உபுண்டுவில் அது ஆப்ஆர்மர். சூடோ டிமெசேஜ் காட்டுவதில் ‘டினைடு’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘டிமெசேஜ்’ அடிக்கும்போது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தே எழுத்து. இரண்டையும் அணைத்துவிடுங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். எது மறுக்கப்பட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிற காவலை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக, முழுப் பாதையும் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். லாகர் கட்டளையால் சிஸ்லாக்கில் நீங்களே ஒரு புது வரி எழுதுங்கள்:

லாகர் -டி சோதனை மெயில் வருகிறதா பார்க்கிறேன்

லாக்செக்குக்குப் பழக்கமில்லாத வரி என்பதால் அடுத்த மணியின் 2ஆவது நிமிடம் கடந்ததும் அது மெயிலாக வர வேண்டும். வந்தால், லாக் சுழன்ற மறுநாள் காலையிலும் இதையே ஒரு தடவை செய்யுங்கள். அப்புறம் மாதம் ஒரு நாளைக் குறித்துவைத்து அன்றைக்கும் இந்த ஒரு வரியை அனுப்பிப் பாருங்கள்.